பெயரைத் தாண்டிவிட்டுக் கதையைக் குறை சொன்னால் எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் சீன மாயாஜால நாவல்களைப் பற்றி அரைப் பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. பிள்ளைகள் ராத்திரி முழுக்கப் போனில் இதைத்தான் படிக்கிறார்கள், கதாநாயகன் அடி வாங்குவான், எழுந்திருப்பான், மறுபடி அடி வாங்குவான், பாதிப் பேருக்குப் பெயர் ‘க்ஸியாவோ’ என்றுதான் ஆரம்பிக்கிறது, யார் எவரென்றே பிடிபடவில்லை என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அடி வாங்குகிற விஷயத்தில் அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன். பெயர் விஷயத்தில் மட்டும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தக் கதைகளில் பெயரில்தான் விதையே இருக்கிறது.

நான் சீன மொழி படித்தவன் இல்லை. சிங்கப்பூரில் ஒரு ஷிப்யார்டில் ஒன்பது வருடம் ஸ்டோரில் இருந்தேன். கூட வேலை பார்த்தவர் மலாக்கா சீனர், வயதானவர், எல்லோருக்கும் அவர் அங்கிள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் நான் ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறிப் படித்துக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்து, கதாநாயகன் பெயர் என்ன என்றார். உங்கள் கட்டுரையாளர் எழுதிய அதே மாதிரி ‘க்ஸியாவோ யான்’ என்றேன். மனிதருக்குப் புரியவே இல்லை. நான்கு தரம் சொல்லி, கடைசியில் போனை வாங்கித் தேடிப் பார்த்துவிட்டு, “ஓ, ஷியாவ் யென்!” என்று சிரித்தார். பக்கத்தில் போல்ட் வந்த அட்டைப்பெட்டி கிடந்தது, அதில் மார்க்கரால் வரைந்து காட்டினார். ஒரு ஆள் காலை அகட்டி நிற்கிற மாதிரி இரண்டு கோடு, ஆளுக்கு இரண்டு பக்கமும் பொறி தெறிக்கிற மாதிரி இரண்டு புள்ளி, இது தீ. அதன் தலைக்கு மேலேயே இன்னொரு தீ. தீயின் மேல் தீ ஏறி நின்றால் அதுதான் ‘யென்’. கதை என்ன? உலகத்தில் இருக்கிற அபூர்வத் தீக்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போய், செத்துப் பிழைத்து, அதை உடம்புக்குள் வாங்கிக்கொள்கிற ஒரு பையனின் கதை. முந்நூறு அத்தியாயம் படித்திருந்தேன், அதுவரை இது தெரியாது.

‘ஷியாவ்’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பையனுக்கு அது குடும்பப் பெயர். இன்னொரு பழைய நாவலில் வருகிற ‘ஷியாவ் லோங் ந்யூ’ என்ற பெண்ணுக்கு அது ‘சின்ன’ என்று பொருள், ‘சின்ன நாகக் கன்னி’ என்கிற மாதிரி. எழுத்து வேறு, ராகம் வேறு. நம் வலி, வழி, வளி மூன்றையும் ஆங்கிலத்தில் ஒரே மாதிரி எழுதிவிட்டு, தமிழர்களுக்கு எல்லாமே ஒன்றுதான் என்று ஒரு வெளியூர்க்காரர் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

சரி, அடி வாங்குகிற விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஷியாவ் யென் சின்ன வயதில் மேதை என்று பெயர் எடுத்தவன், திடீரென்று சக்தி வற்றிப்போய் ஊர் சிரிக்கிற நிலைக்கு வருகிறான். நிச்சயித்த பெண்ணே அவன் வீட்டுக்கு வந்து சம்பந்தத்தை முறித்துக்கொள்ளச் சொல்கிறாள். அவன் அழவில்லை, கெஞ்சவில்லை, தானே விலக்குச் சீட்டு எழுதிக் கைரேகை பதித்து அவளிடம் கொடுத்துவிட்டு ஒரு பழமொழி சொல்கிறான்: முப்பது வருடம் ஆற்றுக்குக் கிழக்கே, முப்பது வருடம் ஆற்றுக்கு மேற்கே, ஏழைப் பையன் என்று இளக்காரம் வேண்டாம். மஞ்சள் ஆறு அந்தக் காலத்தில் அடிக்கடி தடம் மாறும், நேற்று கிழக்கே இருந்த ஊர் நாளை மேற்கே போய்விடும், அதிலிருந்து வந்த பேச்சு. நம் ஊரில் ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும் என்கிறோமே, அதே சங்கதிதான்.

2009இல் இணையத்தில் தொடராக வர ஆரம்பித்த கதை அது, 1,600 அத்தியாயங்களுக்கு மேல் போனது. அத்தனையும் தேறும் என்று நான் சொல்லமாட்டேன். சீனாவின் பெரிய இணைய நாவல் தளம் ஒன்று 2003இல் காசு கட்டிப் படிக்கிற முறையைக் கொண்டுவந்தது, ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. எழுத எழுதக் காசு என்றால் யார்தான் கதையை முடிப்பார்கள்? அதனால் கதாநாயகன் ஒரு எதிரியை ஜெயித்தால் அவனுடைய அண்ணன் வருவான், அண்ணனை ஜெயித்தால் குரு வருவார். அந்த அலுப்பு நியாயமானது. ஆனால் மொத்த வகையையே அதை வைத்து அளந்தால், டிவி மெகா தொடரைப் பார்த்துவிட்டுத் தமிழில் கதையே இல்லை என்று சொல்கிற மாதிரி ஆகிவிடும்.

அங்கிளும் இணையக் கதைகளை மதிக்கமாட்டார். அவருக்குப் பழைய வீர நாவல்கள் எழுதிய ஜின் யோங்தான் எல்லாம். ஜின் யோங் நாவலை வைத்து 1983இல் ஹாங்காங் டிவியில் வந்த தொடரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும். ஒரு பத்திரிகை ஆசிரியரான உங்களுக்கு இது பிடிக்கும்: ஜின் யோங்கும் பத்திரிகைக்காரர்தான். 1959இல் ஹாங்காங்கில் ‘மிங் பாவ்’ என்ற நாளிதழைத் தொடங்கியபோது முதல் இதழிலிருந்தே தன் நாவலைத் தினம் ஒரு துண்டாக எழுதினார். புனைபெயரே ஒரு விளையாட்டு. சொந்தப் பெயரின் கடைசி எழுத்துக்குப் பெரிய மணி என்று பொருள், அதை நடுவில் பிளந்தால் ஒரு பாதி ‘ஜின்’, ஒரு பாதி ‘யோங்’.

அவருடைய கழுகு வீரர் கதைகளில் முதலாவதை எடுத்துக்கொள்ளுங்கள். 1127இல் வடக்கேயிருந்து ஜின் அரசின் படை வந்து, சீனாவை ஆண்ட சோங் வம்சத்தின் தலைநகரான கைஃபெங்கைப் பிடித்து, அப்பா, மகன் இரண்டு அரசர்களையும் கைதிகளாக வடக்கே கொண்டுபோனது. அப்போது நடந்த ஆண்டுக்கணக்கின் பெயர் ‘ஜிங்காங்’. அந்த அவமானம் நடந்து பல காலத்துக்கு அப்புறம் ஒரு கிராமத்தில் இரண்டு நண்பர்களின் மனைவிமார் கர்ப்பமாக இருக்கிறார்கள். வழியில் வந்த ஒரு தாவோ துறவி, பிறக்கப் போகிற பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறார்: ஒன்றுக்கு ஜிங், இன்னொன்றுக்குக் காங். மறந்துவிடாதீர்கள் என்று அர்த்தம். இரண்டு குத்துவாளில் இரண்டு பெயரையும் செதுக்கிக் கொடுக்கிறார், நண்பர்கள் அதை மாற்றி வைத்துக்கொள்கிறார்கள். பிள்ளை பிறக்குமுன்னே கடன் எழுதியாயிற்று.

குவோ ஜிங் மங்கோலியப் புல்வெளியில் அம்மாவோடு வளர்கிறான். நாலு வயதில்தான் பேச்சே வந்தது, சொல்லிக்கொடுத்த வாத்தியார்கள் எல்லாம் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். யாங் காங் அழகன், கெட்டிக்காரன், எந்த ஜின் அரசை மறக்காதே என்று பெயர் வைத்தார்களோ அதே அரசின் இளவரசன் வீட்டில் வளர்கிறான். தன் பிறப்பு தெரிந்த பிறகும் அந்தப் பட்டுமெத்தையை விட மனம் வரவில்லை. ஒரே சொல்லை இரண்டாக வெட்டி இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள், மந்தமானவன் சுமந்தான், கெட்டிக்காரன் கீழே போட்டான். ‘ஜிங்’, ‘காங்’ என்று வெறும் சத்தமாகப் படித்தால் இதில் எது நம் காதில் விழும்?

யாங் காங் செத்த பிறகு அவன் மகனுக்குப் பெயர் வைப்பதே குவோ ஜிங்தான். ‘குவோ’ என்று வைக்கிறார், பிழை என்று பொருள் (அவருடைய குடும்பப் பெயரான குவோ வேறு எழுத்து, ஞாபகம் இருக்கட்டும்). கூடவே ‘கைஜி’ என்று ஒரு மரியாதைப் பெயர், அதைத் திருத்து என்று பொருள். அப்பன் செய்த தப்பை மகன் பெயரிலேயே எழுதிவிட்டார். அந்த யாங் குவோவின் வலது கையை வெட்டியது யார் தெரியுமா, பெயர் வைத்தவரின் சொந்த மகள். ஒற்றைக் கையோடு அவன் ஒரு பெரிய கழுகின் துணையில் வெள்ளம் பாய்கிற ஓடையில் இறங்கி, முனை மழுங்கிய கனத்த இரும்பு வாளை எதிர்நீரில் வீசிப் பழகுகிறான். அந்த வாளுக்குச் சொந்தக்காரர் செத்துப்போன ஒரு பழைய வீரர், அவர் பெயர் ‘துகு சியூபாய்’, தனியனாக நின்று தோல்வியைத் தேடுகிறவன் என்று பொருள். யாராவது என்னைத் தோற்கடிக்க மாட்டார்களா என்று ஏங்கிச் செத்தவர். கதையில் அவர் நேரில் வருவதே இல்லை, பெயரும் வாளும் மட்டும்தான் வருகின்றன, எனக்கு அதுவே போதும்.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தவன், ஜின் யோங்கின் வேறொரு நாவலில் வருகிற இன்னொருவன். வளர்த்தவள் வெறுப்பில் ‘நாய்க்குப் பிறந்தவனே’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அதுதான் தன் பெயர் என்று நம்பி வளர்ந்த பையன். யார் கேட்டாலும் வெள்ளந்தியாக அந்தப் பெயரையே சொல்வான். எழுத்து வாசனை கிடையாது. ஒரு தீவில் 24 கல் அறைகள், பழைய சீனக் கவிஞர் லி பாயின் கவிதை ஒன்றின் 24 வரிகள் அறைக்கு ஒன்றாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன, அதற்குள் ஒரு பெரும் வித்தை ஒளிந்திருக்கிறது. பெரிய பெரிய ஆசான்கள் வருடக்கணக்காக அங்கேயே உட்கார்ந்து இந்தச் சொல்லுக்கு இந்த உரையா, அந்த உரையா என்று சண்டை போடுகிறார்கள். இவனுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் எழுத்தை எழுத்தாகப் பார்க்காமல் கோடாகப் பார்க்கிறான். இந்தக் கோடு வாள் மாதிரி மேலே போகிறது, இந்தக் கோடு கீழே இறங்குகிறது என்று பார்த்தபடியே வித்தை முழுக்க அவனுக்கு வந்துவிடுகிறது. அத்தனை ஜெயித்தவனுக்கு, கதை முடியும்போதும் தன் உண்மைப் பெயர் என்னவென்று தெரியாது. நான் யார் என்று கேட்டுக்கொண்டே நிற்கிறான்.

இணையக் கதைகளிலும் நல்லது இல்லாமல் இல்லை. 2008இல் ஆரம்பித்து 2,400 அத்தியாயங்களுக்கு மேல் போன ஒரு நாவலில் ஹான் லி என்று ஒரு கிராமத்துப் பையன். ஊரில் அவனை ‘ரெண்டாவது மண்டு’ என்பார்கள். மண்டுவாக இருப்பதால் அல்ல, ஊரில் ஏற்கெனவே ‘மண்டு’ என்று ஒரு பையன் இருந்தான், அதனால் இவன் இரண்டாவது. ‘லி’ என்ற ஒழுங்கான பெயரை, நாலு எழுத்துத் தெரிந்த ஒரு ஊர்ப் பெரியவரிடம், முரட்டு மாவில் அவித்த இரண்டு கொழுக்கட்டையைக் கொடுத்து அப்பா கேட்டு வாங்கினாராம். ‘லி’ என்றால் நில். ஒரு ஆள் தரையில் நிற்பது மாதிரிதான் எழுத்தும் இருக்கும். வேடிக்கை என்னவென்றால் இந்த ஹான் லி நிற்கவே மாட்டான், ஆபத்து என்றால் முதலில் ஓடிவிடுவான். பிறவித் திறமையும் மட்டம்தான். ஓடி, ஒளிந்து, மருந்து காய்ச்சி, கணக்குப் பார்த்து, மற்றவர்கள் எல்லாம் வீராவேசமாகச் செத்த பிறகு கடைசியில் நிற்கிறவன் அவன். விடாப்பிடி என்றால் நெஞ்சை நிமிர்த்துவது மட்டும் இல்லை என்று எனக்குப் புரிந்தது இவனிடம்தான்.

இந்தக் கொழுக்கட்டைக் கதையைச் சொன்னபோது அங்கிள் சொன்னார், சீனக் கிராமங்களில் பிள்ளை நிலைக்க வேண்டும் என்று ‘நாய் விட்ட மிச்சம்’ என்றெல்லாம் பெயர் வைப்பார்களாம். பேய் காதில் விழுந்தாலும், இது எதற்கும் லாயக்கில்லை என்று விட்டுவிட்டுப் போய்விடுமாம். அது வரைக்கும் நான் அவரிடம் என் பெயர் முத்து என்று மட்டுமே சொல்லியிருந்தேன், அர்த்தம் கேட்டபோதும் கடலில் எடுக்கிற முத்து என்றுதான் சொன்னேன். அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னேன். எனக்கு முன்னால் பிறந்த இரண்டு தங்கவில்லை, என் அம்மா மூன்று வீட்டில் பிச்சையெடுத்த அரிசியில் சோறாக்கித் தின்றுவிட்டு எனக்குப் பிச்சை என்று வைத்தாள், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் முத்து ஒட்டிக்கொண்டது. எங்கள் தெருவிலேயே இரண்டு குப்பன், ஒரு குப்பம்மாள், எல்லாம் இதே காரணம்தான் என்றேன். அவர் அதே மார்க்கரை என் கையில் கொடுத்து, உன் எழுத்தில் எழுது என்றார். பெட்டியில் ‘நாய் விட்ட மிச்சம்’ பக்கத்தில் எழுதினேன்.

அதனால் ஆசிரியரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பெயரை அப்படியே மொழிபெயர்த்துப் போடச் சொல்லவில்லை, கதாநாயகனை ‘இரட்டைத்தீ’ என்று கூப்பிட்டால் பட்டாசுக் கம்பெனி மாதிரி இருக்கும். குவோ ஜிங் கதைக்கு 2018இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் நாயகியின் பெயரைத் தாமரை என்று மாற்றிவிட்டு நாயகன் பெயரை அப்படியே விட்டிருக்கிறார்கள், எனக்கு அதுவும் ஒட்டவில்லை. பெயரைச் சரியான உச்சரிப்பில் போடுங்கள், முதல் தடவை வரும்போது அர்த்தத்தை ஒரு வரியில் சொல்லுங்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்து உச்சரிப்பை ஊகிக்க வேண்டாம். சீன அதிபர் பெயரே உங்கள் முதல் பக்கத்தில் ‘ஜி’, உள்பக்கத்தில் ‘ஷி’ என்று வருகிறது (ஷிதான் சரி). இடம் போதவில்லை என்றால் கதைச்சுருக்கத்தில் நாலு வரியைக் குறையுங்கள், அதில் எப்படியும் அடிதடிதான் இருக்கப் போகிறது.

இப்படிக்கு,
பிச்சைமுத்து (‘முத்து’ என்று சுருக்க வேண்டாம்),
மன்னார்குடி.