பிடித்த மீனைப் பச்சையாகச் சாப்பிட ஆசைப்படும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஒஸ்லோ ஃபியோர்டில் (நிலத்துக்குள் நீண்டு புகுந்த கடலில்) தூண்டில் போட்டு மக்ரெல் பிடிப்பதாகவும், அடுத்த முறை கரையிலேயே தோலுரித்து சோயா சாஸில் தொட்டுச் சாப்பிடப் போவதாகவும் எழுதியிருந்தாய். 'இப்போதுதான் கடலிலிருந்து வந்தது, இதைவிட ஃப்ரெஷ்ஷாக எங்கே கிடைக்கும்?' என்று கேட்டிருக்கிறாய். தயவுசெய்து அப்படிச் செய்யாதே. மீன் எவ்வளவு புதிதோ, அதற்குள் இருக்கும் புழுவும் அவ்வளவு தெம்பாக உயிரோடு இருக்கும்.

அந்தப் புழுவின் பெயர் அனிசாக்கிஸ். திமிங்கலம், ஓங்கில் இவற்றின் வயிற்றில் முதிர்ந்து முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுப்புழுவைக் கூனிப்பொடி போன்ற சிறு உயிரிகள் தின்ன, அவற்றை மக்ரெல், ஹெரிங், கோட், கணவாய் எல்லாம் தின்னும். மீனின் வயிற்றைக் கீறி ஈரலைப் புரட்டிப் பார். வெள்ளையாக, கொசுவர்த்திச் சுருள் மாதிரி சுருண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். நீட்டினால் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வரும். பெரும்பாலானவை குடலிலும் ஈரலிலும்தான் இருக்கும். சில வயிற்றுச் சதைக்குள் புகுந்துவிடும். அங்கே கண்ணுக்குத் தப்பிவிடுவது சுலபம்.

எலுமிச்சை, வினிகர், உப்பு, வசாபி, கூடவே ஒரு கிளாஸ் சாராயம் என்று யார் எதைச் சொன்னாலும் நம்பாதே. எலுமிச்சைச் சாற்றில் சதை வெளுத்து வெந்தது போலத் தெரியும், ஆனால் புழு சாகாது. இரைப்பை அமிலத்திலேயே குடித்தனம் நடத்தும் பிராணிக்கு வினிகர் ஒரு பொருட்டா? ஜப்பானில் உப்பும் வினிகரும் போட்டு ஊறவைக்கும் மக்ரெலைச் சாப்பிட்டே எத்தனையோ பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள்.

புழுவைக் கொல்ல இரண்டே வழி: சூடு, குளிர். சமைத்தால் நடுப்பகுதி 60 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தால் போதும். பச்சையாகத்தான் வேண்டும் என்றால் உறையவைக்க வேண்டும். ஐரோப்பிய விதிப்படி மீனின் எல்லாப் பகுதியும் மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம், அல்லது மைனஸ் 35-இல் 15 மணி நேரம் இருக்க வேண்டும். இது ஆலையின் உறைகலனுக்கான கணக்கு. வீட்டு ஃப்ரீசர் வழக்கமாக மைனஸ் 18-இல்தான் நிற்கும், கதவைத் திறந்து மூடும்போது இன்னும் ஏறும். அமெரிக்க உணவுத் துறை மைனஸ் 20-இல் 7 நாள் என்கிறது. வீட்டுக்கு அதையே பிடித்துக்கொள். ஃப்ரீசரைக் கடைசிக் குளிருக்குத் திருப்பி, உள்ளே ஒரு வெப்பமானியை வை. மைனஸ் 20-ஐத் தொடாத ஃப்ரீசர் என்றால் அந்த மீன் குழம்புக்கு.

இதைவிடக் கவனம் கேட்கிற விஷயம் ஒன்று உண்டு. மக்ரெல் நம் அயலையின் குடும்பம். சூரையும் அதே குடும்பம்தான். இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் செத்துச் சூட்டில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமின் என்ற, உடம்புக்கு ஆகாத பொருளாக மாற்றிவிடும். அப்படி உண்டான ஹிஸ்டமினைச் சமைத்தாலும் அழிக்க முடியாது, உறையவைத்தாலும் அழிக்க முடியாது. வெயிலில் இரண்டு மணி நேரம் வாளியில் கிடந்த மக்ரெலை எந்த ஃப்ரீசரும் காப்பாற்றாது. ஆகவே வேலை தூண்டிலிலேயே தொடங்குகிறது.

மீன் ஏறியவுடன் வாய்க்குள் கட்டைவிரலை விட்டுத் தலையைப் பின்னால் மடக்கிக் கழுத்தை முறி. செவுளை அறுத்து, வாளித் தண்ணீரில் சில நிமிடம் ரத்தம் வடியவிடு. பிறகு நேரே பனிக்கட்டிக் குழம்புக்குள் போடு. பெட்டியில் பனிக்கட்டி இரண்டு பங்கு, கடல்நீர் ஒரு பங்கு. வெறும் பனிக்கட்டி மீனை அங்கங்கேதான் தொடும். இந்தக் குழம்பு சுற்றிலும் பிடித்துக்கொண்டு சீக்கிரம் குளிர வைக்கும். கூடியமட்டும் கரையிலேயே குடலை எடுத்துவிடு. குடலைக் கிழிக்காமல் எடு. கிழிந்தால் உடனே கழுவு.

வீட்டில் துண்டம் போடும்போது வயிற்றுப்பக்கத்து மெல்லிய சதையை முழுக்க வெட்டி எறி. ருசியான பகுதிதான், ஆனாலும் எறி. மிச்சத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார். வடக்கே ஃபின்மார்க் மீன் ஆலைகளில் வேலை பார்த்த நம் ஆட்களைக் கேட்டால் கீழிருந்து ஒளி பாய்ச்சிச் சதையைப் பார்க்கும் வெளிச்ச மேசையைப் பற்றிச் சொல்வார்கள். கோட் மீனின் சதைக்குள் பழுப்பாகத் தெரியும் சீல் புழு என்ற இன்னொரு வகைப் புழுவைக்கூட அங்கே ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். மக்ரெலின் கறுத்த சதையில் பார்வை இன்னும் குறைவாகவே உதவும். அதனால் பார்த்துவிட்டோம் என்று ஃப்ரீசரைத் தவிர்க்காதே.

துண்டங்களை ஒற்றை அடுக்காகப் பரப்பி, காற்று நீக்கிய பையில் போடு. ஒரே நேரத்தில் பத்துப் பையை அடுக்கினால் நடுப்பை உறையவே ஒரு நாள் ஆகும், 7 நாள் கணக்கு அதற்குப் பிறகுதான் தொடங்கும். உருக்கும்போது பையைப் பிரித்து, தட்டில் வைத்து, ஃபிரிட்ஜில் ஓர் இரவு. பையை மூடியே வைத்தால் காற்றில்லாத இடத்தில் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும் பாட்டுலிசம் கிருமிக்கு வசதியாகிவிடும். உருகிய அன்றே சாப்பிட்டு முடி.

கடையில் சூஷிக்கு வாங்கும் நார்வே சால்மனை ஏன் உறையவைக்காமலே விற்கிறார்கள் என்றும் கேட்டிருந்தாய். அது பண்ணையில் தீவன உருண்டை தின்று வளர்ந்தது, புழு வரும் வழியே அடைபட்டிருக்கிறது. ஆற்றில் பிடிக்கும் சால்மனுக்கு அந்தச் சலுகை கிடையாது, அது கடலில் மேய்ந்து வந்தது. ஏரிப் பக்கம் போனால் பைக், பெர்ச் என்ற நன்னீர் மீன்கள் இரண்டையும் வேகவைத்தே சாப்பிடு. அவற்றிலிருந்து வரும் நாடாப்புழு மனிதக் குடலில் பல மீட்டர் வளரும்.

உறையவைப்பது புழுவுக்கு மட்டும்தான் மருந்து. லிஸ்டீரியா போன்ற கிருமிகள் குளிரில் சாகாது. கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில் அவர்கள் தட்டுக்குப் பொரித்த மீனே போகட்டும். அனிசாக்கிஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் செத்த புழுவும் ஆபத்து.

சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்தால் அது ஹிஸ்டமின். சாப்பிடும்போதே நாக்கில் மிளகு போலச் சுறுக்கென்றால் அங்கேயே துப்பிவிடு. சில மணி நேரம் கழித்து மேல்வயிற்றில் பொறுக்க முடியாத வலி வந்தால் புழுவாக இருக்கலாம். டாக்டரிடம் முதல் வார்த்தையாகப் பச்சை மீன் சாப்பிட்டதைச் சொல்; எண்டோஸ்கோப்பி (வாய் வழியாக விடும் கேமராக் குழாய்) வழியாகப் புழுவைப் பிடித்து வெளியே எடுத்துவிடுவார்கள்.

அன்புடன்,
அண்ணன்