ரெக்கார்டிங்க எத்தனை பேர் பாத்தீங்க? ப்ராடக்ட் மேனேஜர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆப், வெப்சைட் பண்ற டீம்கள்ல இருக்குற ப்ராடக்ட் மேனேஜர்களுக்கும் டிசைன் லீடுகளுக்கும் வணக்கம்.

யூசபிலிட்டி டெஸ்ட்னு (ஆப்ப யூசர்கிட்ட குடுத்து, எங்க தடுமாறுறாங்கன்னு ரெக்கார்ட் பண்ணி பாக்குறது) பேச்செடுத்தாலே நம்ம மீட்டிங்ல முதல் சண்டை எத்தனை பேரை கூப்பிடுறதுங்கிறதுல தான். ஒருத்தர் அஞ்சு பேர் போதும்பார், இன்னொருத்தர் அஞ்சு பேரை வச்சு என்னத்த சொல்றதும்பார். அந்த அஞ்சுக்கு பின்னாடி இருக்குறது 1993ல ஜேக்கப் நீல்சன், தாமஸ் லாண்டவர்னு ரெண்டு ஆய்வாளர்கள் போட்ட கணக்கு. சராசரியா ஒரு யூசர்கிட்ட 31% பிரச்சனை தெரிய வரும்னு வச்சுக்கிட்டா அஞ்சு பேர் முடியும்போது 85% கிட்ட வந்துரும். சரி, அது யூசர் பக்கத்து கணக்கு. அவங்க தடுமாறுனத உக்காந்து பாக்குற ஆள் எத்தனை பேர்னு எந்த மீட்டிங்லயாவது யாராவது கேட்டிருக்கீங்களா?

1998ல ஜேக்கப்சன், ஹெர்ட்சம், பானி ஜான்னு மூணு ஆய்வாளர்கள் இதத்தான் சோதிச்சாங்க. நாலு டெஸ்ட் வீடியோ, அதே நாலையும் நாலு பேர் தனித்தனியா பாத்து பிரச்சனைகள எழுதணும். மொத்தம் 93 பிரச்சனை வந்துச்சு. நாலு பேர் லிஸ்ட்லயும் இருந்தது அதுல 20% தான், ஒரே ஒருத்தர் மட்டும் பிடிச்சது 46%. இதுல எனக்கு தூக்கிவாரிப் போட்டது வேற ஒண்ணு: ரொம்ப மோசமான பத்த தனியா எடுங்கன்னு சொன்னப்ப நாலு பேரும் பொதுவா எடுத்த பிரச்சனை ஒண்ணு கூட இல்ல. அதே வீடியோ தாங்க!

இப்ப நம்ம வழக்கத்த பாருங்க. ரிசர்ச்சர் ஒருத்தர், அதுவும் பாதி நேரம் வேற ப்ராஜெக்ட்ல இருக்குறவர், வீடியோவ டபுள் ஸ்பீட்ல ஓட்டி பத்து ஸ்லைடு போட்டு மூணு க்ளிப் வெட்டி காட்டுவார், நீங்க தலையாட்டுவீங்க, அதோட அந்த ரெக்கார்டிங் டிரைவ்ல போய் தூங்கிரும். இப்ப புதுசா இன்னொண்ணு சேந்துருக்கு, டிரான்ஸ்கிரிப்ட ஏஐகிட்ட குடுத்து சம்மரி வாங்கிக்கிறது. நம்மாளுங்க பேசுற தமிழும் இங்கிலீஷும் கலந்த பேச்சுல டிரான்ஸ்கிரிப்ட் பாதி இடத்துல உளறும், அத கூட விடுங்க, ஆள் வாயே தொறக்காத நேரத்துல தான் முக்கால்வாசி விஷயம் நடக்குது, அது எந்த டிரான்ஸ்கிரிப்ட்ல வரும்?

பிறந்த தேதி போடுற ஸ்கிரீனையே எடுத்துக்கலாம், ஃபார்ம் வர்ற எல்லா ஆப்லயும் இருக்கு. 1968ல பிறந்த ஒரு அம்மா. காலண்டர் இந்த மாசத்துல தொறக்குது. மேல இருக்குற வருஷத்த தொட்டா வருஷ லிஸ்ட் வரும்னு நமக்கு தெரியும், ஆனா அது தொடுற இடம் மாதிரியே இருக்காது, வெறும் எழுத்து தான். அவங்க இடது பக்க அம்புக்குறிய அழுத்துறாங்க, மறுபடி அழுத்துறாங்க, அழுத்திட்டே இருக்காங்க. மாசம் மாசமா 1968க்கு போகணும்னா ஏறக்குறைய 700 தடவ அழுத்தணும். அவங்க ஒரு வார்த்த குறை சொல்ல மாட்டாங்க, கொஞ்ச நேரத்துல பக்கத்துல இருக்குற பையன்கிட்ட ஃபோன நீட்டுவாங்க. கடைசில எப்படிம்மா இருந்துச்சுன்னு கேட்டா "நல்லாத்தான் இருக்கு தம்பி"ம்பாங்க, அஞ்சுக்கு அஞ்சு மார்க்கும் போடுவாங்க. வீட்டுக்கு வந்த புள்ளகிட்ட குறை சொல்ல நம்மூர்ல யாருக்கு மனசு வரும்? சம்மரில இது "டாஸ்க் முடிந்தது, திருப்தி 5"ன்னு வந்து நிக்கும்.

அப்படியே யாராவது அந்த க்ளிப்ப போட்டு காட்டுனாலும் "அவங்களுக்கு ஃபோனே யூஸ் பண்ண தெரியலப்பா"ன்னு ஒரு குரல் வரும் பாருங்க, அதுக்கு தான் இந்த பழைய கதை. 1980கள்ல ஜெராக்ஸ் கம்பெனில (ஆமா, நாம கடைல எடுக்குறோமே அதே ஜெராக்ஸ்) லூசி சச்மன்னு ஒரு மானுடவியல் ஆய்வாளர், அவங்க கம்பெனி காப்பியர் முன்னாடி ரெண்டு பேர் ரெண்டு பக்க காப்பி எடுக்க முடியாம திணறுனத வீடியோ எடுத்தாங்க. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் ஆலன் நியூவெல், கம்ப்யூட்டர் துறையோட பெரிய விருதான டூரிங் விருத 1975ல வாங்குன விஞ்ஞானி. அவருக்கும் மெஷின் ஓட்ட தெரியலன்னு சொல்லிரலாமா?

அதனால என் கோரிக்க இது தான். ஒவ்வொரு ரெக்கார்டிங்கையும் குறைஞ்சது ரெண்டு பேர், முழுசா, ஒருத்தர் லிஸ்ட்ட ஒருத்தர் பாக்காம பாக்கணும். அதுல ஒருத்தர் அந்த ஸ்கிரீன டிசைன் பண்ணாதவரா இருக்கணும், பண்ணவருக்கு எங்க தொடணும்னு ஏற்கனவே தெரியும், கண்ணு தானா அங்க போயிரும். எழுதும்போது எத்தனாவது நிமிஷம், எந்த ஸ்கிரீன், என்ன செஞ்சாங்க, என்ன எதிர்பாத்தாங்கன்னு மட்டும் எழுதுங்க. "பட்டன பெருசாக்கணும்"னு எழுதாதீங்க, அது உங்க தீர்வு, பட்டன் கண்ணுல படலையா இல்ல பாத்துட்டும் அது வேற எதுக்கோன்னு நினைச்சாங்களாங்கிற கேள்விய அது மூடிரும். ரெண்டு லிஸ்ட்டையும் சேத்து வைக்கும்போது பொருந்தாத இடங்கள்ல திரும்ப வீடியோவ ஓட்டுங்க, நேரம் செலவாகும்னு தெரியும், ஆனா உருப்படியான விஷயம் அங்க தான் கிடைக்கும்.

திருத்துறதையும் ரிப்போர்ட் வர்ற வரைக்கும் தள்ளிப் போடாதீங்க. மைக்ரோசாஃப்ட்ல ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கேமோட டுடோரியல டெஸ்ட் பண்ணப்ப, காரணமும் தீர்வும் தெளிவா தெரிஞ்ச பிரச்சனைய உடனே மாத்திட்டு அடுத்த ஆள அந்த மாத்துன வெர்ஷன்ல உக்கார வச்சாங்க. திருத்தினது சரியா வேலை செய்யுதான்னும் அங்கயே தெரிஞ்சிரும். நம்ம ஊர்ல அந்த பிரச்சனை டிக்கெட்டா பேக்லாக்ல, அதாவது அப்புறம் பண்ண வேண்டிய வேலை லிஸ்ட்ல, போய் மூணு ரிலீஸ் தாண்டி எட்டிப் பாக்கும், அதுக்குள்ள அத எழுதுன ஆளே வேற கம்பெனிக்கு போயிருப்பார்.

அடுத்த ரவுண்டுக்கு உங்க டீம்லேர்ந்து ஒரு டெவலப்பர ரெக்கார்டிங் பாக்க ஒரு முழு மத்தியானம் விட்டுக் குடுங்க. பிரச்சனைகள எழுதுற ஷீட்டும் ஹெட்ஃபோனும் எங்க பொறுப்பு. பிறந்த தேதி ஸ்கிரீன்லேர்ந்து ஆரம்பிக்கலாம், அத மாத்துறது ஒரு நாள் வேல கூட இல்ல.