பஸ் காசுக்கு ஏது பத்தி?

ஆசிரியர் அவர்களுக்கு,

எச்.ஐ.வி. குறித்த தங்கள் தலையங்கம், அமெரிக்கா 2025-இல் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்ததோடு நின்றுவிட்டது. கோடிகளைப் பேசுகிறோம், சரி. சின்னத் தொகை செய்யும் வேலையையும் சொல்ல வேண்டாமா?

கனடாவில் 2003-இல் தொடங்கப்பட்டது ஸ்டீபன் லூயிஸ் அறக்கட்டளை. 2006 முதல் அங்குள்ள பாட்டிமார் ஊருக்கு ஊர் குழு சேர்ந்து, கைவேலைப் பொருட்கள் விற்றும் நடைப்பயணம் போயும் அதற்குப் பணம் திரட்டுகிறார்கள். பிள்ளைகளை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்துவிட்டுப் பேரக்குழந்தைகளை வளர்க்கும் ஆப்பிரிக்கப் பாட்டிகளுக்காகத்தான் இத்தனையும்.

எனக்குப் பிடித்தது, பணம் நேரே உள்ளூர் அமைப்புகளின் கைக்குப் போவது. அவற்றில் ஒன்றான ‘ஸ்வாபோல்’, இன்று எஸ்வாத்தினி எனப்படும் ஆப்பிரிக்க நாடான ஸ்வாசிலாந்தில் 2001-இல் தொற்றோடு வாழும் ஐந்து பெண்கள் தொடங்கியது. மாத்திரை இலவசமாகவே கிடைத்தாலும் மருத்துவமனைக்குப் போக பஸ் காசு வேண்டும். சில மாத்திரைகளை வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். பேத்திக்குச் சீருடையும் வாங்க வேண்டும். இதெல்லாம் பட்டவர்களுக்குத்தானே தெரியும்! பெரிய திட்ட அறிக்கைகளில் பஸ் காசுக்கு ஏது பத்தி?

ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவாக எச்.ஐ.வி. மருந்து தர 2001-இல் முன்வந்தது நம் சிப்லா நிறுவனம். அந்த மருந்து ஊர்க்கோடிக் குடிசை வரை எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதைத் தங்கள் ஞாயிறு இதழில் எழுதலாமே.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
திண்டுக்கல்