பள்ளிக்கூடத் தெருவைக் காலியாக்க வேண்டாம்: நம் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அடுத்த பொதுக்குழுவுக்கான தீர்மானங்களைப் படித்தேன். அரசுப் பள்ளி வாசலில் நிற்கும் தள்ளுவண்டிகளை அகற்றச் சொல்லி மாநகராட்சிக்கு மனு. பூங்காவில் பந்து விளையாடத் தடை. இரண்டுக்கும் காரணம் ‘மாணவர் பாதுகாப்பு’ என்று போட்டிருக்கிறீர்கள். அதே காரணத்துக்காகத்தான் நான் இரண்டையும் எதிர்க்கிறேன்.

பள்ளி விடும் நேரத்தில் ஒருநாள் அந்த வாசலில் நின்று பாருங்கள். மாங்காய் வண்டிக்கார அம்மா ஒரு கையில் மிளகாய்ப்பொடி டப்பாவோடு மறுகையை நீட்டி பைக்குகளை நிறுத்துவார், பிள்ளைகள் கடப்பார்கள். கூட்டிப்போக ஆள் வராத குழந்தை அவர் வண்டி ஓரமாகத்தான் உட்கார்ந்திருக்கும். தெரியாத ஆள் வந்து கூப்பிட்டால், “நீ யாருப்பா? பாப்பாவோட அம்மா பேரு சொல்லு பாக்கலாம்” என்று கேட்ட பிறகுதான் விடுவார். நாம் மாட்டியிருக்கும் கேமரா இதைக் கேட்குமா? ஆட்டோ ஸ்டாண்டு, இஸ்திரி வண்டி, ஜெராக்ஸ் கடை எல்லாம் சேர்ந்துதான் அந்தத் தெருவுக்குக் காவல்.

வண்டிகளைக் கிளப்பிவிட்டால் அந்த இடத்துக்கு எது வரும்? நம் கார்கள்தான். ஏற்கெனவே நடைபாதையில் ஏறி நிற்பவையும் அவைதான். பிள்ளைகள் நடுரோட்டில் நடப்பது அதனால்தான். (பிளஸ் டூ முடிக்காத பிள்ளை கையில் ஸ்கூட்டர் சாவியைக் கொடுப்பவர்களும் நம்மில் உண்டு. 2019 சட்டத் திருத்தத்தின்படி, ஓட்டுவது சிறார் என்றால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. அதற்கு ஒரு தீர்மானம் போடலாமே.)

பண்டம் சுத்தமாக இல்லை என்பது நியாயமான கவலை. மூடி வை, கூடை வை என்று கேட்போம், கேட்பார்கள். 2014 தெரு வியாபாரிகள் சட்டத்தின்படி அடையாள அட்டையும் இடமும் கிடைக்க உதவுவோம். ஒரு கடையை அகற்றித்தான் ஆகவேண்டும் என்றால், பள்ளிச் சுவரிலிருந்து கூப்பிடு தூரத்தில் புகையிலை விற்கும் பெட்டிக்கடை இருக்கிறது. கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜத்துக்குள் அதை விற்கக் கூடாது என்று 2003-லேயே சட்டம் வந்தாயிற்று. மனுவில் அந்தக் கடையைக் காணோம். இடத்துக்குச் சொந்தக்காரர் நம் உறுப்பினர் என்பதாலா?

அப்புறம் பூங்கா. அது நம் சொத்து அல்ல. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுக்க வேண்டும் என்ற விதியால் கிடைத்த இடம். பராமரிப்பு மட்டும்தான் நம் கையில். அந்தப் பள்ளியில் மைதானம் என்று இருப்பது, பிள்ளைகள் வரிசையில் நிற்கவே பத்தாத ஒரு முற்றம். அவர்கள் வேறு எங்கே போவார்கள்?

பந்து நடைப்பயிற்சிக்காரர்கள் மேல் படுகிறது, சரி. நாலரை முதல் ஆறரை வரை பிள்ளைகளுக்கு விடுங்கள். நடப்பவர்கள் அதற்கு முன்னோ பின்னோ வரட்டும். வாரம் இரண்டு நாள் பெண்பிள்ளைகளுக்கு என்று ஒதுக்குங்கள். இப்போது அவர்கள் பையன்களின் பைகளைக் காவல் காத்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

2024 அக்டோபரில், சென்னை மாநகராட்சி தன் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் போட்டபோது நம் வாட்ஸ்அப் குழு எப்படிக் கொதித்தது! எதிர்ப்பு வலுத்ததும் அதைத் திரும்பப் பெற்றார்கள். அன்றைக்குக் கொதித்த நாமே இன்றைக்குப் பூட்டோடு நிற்கிறோம்.

தீர்மானங்கள் வாக்கெடுப்புக்கு வந்தால் என் வாக்கு இரண்டுக்கும் எதிராகத்தான். மாலையில் பூங்காவைத் திறந்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதுதான் சிக்கல் என்றால், செவ்வாயும் வியாழனும் நான் வருகிறேன். மற்ற நாட்களுக்கு ஒரு பட்டியல் போடுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாவது தெரு உறுப்பினர்