அப்பாவின் களைப்பு பற்றி

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. அப்பா வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டார் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். காலையில் முக்கால் மணி நேரம் பயிற்சி செய்துவிட்டுச் சாயங்காலம் வரை படுத்தே கிடக்கிறார், சோம்பலா என்று கேட்டிருந்தாய். சோம்பல் இல்லவே இல்லை. பக்கவாதம் வந்த பலருக்கும் இருக்கிற களைப்பு இது. செய்த வேலையின் அளவுக்கு மீறியதாக இருக்கும். தூங்கி எழுந்தாலும் முழுசாகப் போகாது. வீட்டில் யாரும் அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

அந்த முக்கால் மணியை மூன்றாகப் பிரித்துவிடு, ஒவ்வொன்றும் 10, 15 நிமிடம். குளித்த கையோடு பயிற்சி வேண்டாம். இப்போதைக்குக் குளியலே அவருக்கு ஒரு பயிற்சிதான். களைப்புக்கு 10 மார்க் என்று வைத்து அவரையே சொல்லச் சொல். 5 வந்ததும் ஓய்வு, 8 வரை போக விடாதே. தெம்பாக இருக்கிற நாளில் இரண்டு மடங்கு செய்துவிட்டு அடுத்த இரண்டு நாள் எழ முடியாமல் கிடப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

உட்கார்ந்து எழும் பயிற்சியை மட்டும் விடாதே. சுவரோடு ஒட்டிப் போட்ட மர நாற்காலி, உயரம் சுமார் 45 செ.மீ. சிரமப்பட்டால் மேலே பலகை போட்டு உயர்த்து. பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். விளிம்புக்கு நகர்ந்து உட்காரட்டும். குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். பலவீனமான பாதம் மற்றதைவிட இன்னும் கொஞ்சம் பின்னால். அப்போதுதான் எடை அந்தக் காலில் இறங்கும். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் குனிந்து எழட்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக, மூன்று எண்ணி. 5 தடவை செய்து, 2 நிமிடம் ஆறி, மறுபடி 5.

நல்ல கையால் எதையாவது பிடித்து இழுத்து எழுந்தால் எடை முழுக்க நல்ல காலுக்குப் போய்விடும். மற்ற கால் எதுவும் கற்றுக்கொள்ளாது. முழங்கால் மடங்கினாலோ நடுங்கினாலோ எண்ணிக்கை பாக்கி இருந்தாலும் நிறுத்திவிடு. தசை சோர்ந்த பிறகு செய்தால் கோணலான அசைவுதான் பழகும். தூக்கிவிடும்போது பலவீனமான கையை இழுக்காதே, தோள்மூட்டு இறங்கிவிடும். இடுப்பில் பிடி.

களைப்புக்கு வேறு காரணமும் இருக்கலாம், அடுத்த முறை டாக்டரிடம் ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12 பார்க்கச் சொல். குறட்டை, மனச்சோர்வு இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடு. தசை இறுக்கத்துக்கான பேக்லோஃபென் மாத்திரை சாப்பிட்டால் அதுவும் தூக்கக் கலக்கம் தரும். ஆனால் நீயாக நிறுத்திவிடாதே.

தங்கச்சி கல்யாணத்தன்று பயிற்சியே வேண்டாம், முதல் நாளும் பாதி போதும். மண்டபத்தில் சத்தமில்லாத ஓர் அறையை அவருக்கென்று வாங்கி வை. தாலி கட்டி முடிந்ததும் ஒரு மணி நேரம் படுக்கட்டும். நான் முதல் நாள் சாயங்காலமே வந்துவிடுவேன்.

அன்புடன்,
குமார்