தரையில் போடும் கோடு கலைதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கலைஞர் இங்க்ரிட் பரிங்டன் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்த ஒரு வாசகர், ‘சாலையில் கிடக்கும் பெயின்ட் குறியைப் பார்த்து வரைவதெல்லாம் கலையா?’ என்று கேட்டிருந்தார். நான் தொலைபேசி கேபிள் ஜாயின்டராக, அதாவது கேபிள்களை இணைத்துப் பழுதுபார்ப்பவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். கலைதான், அதுவும் ரொம்ப அவசியமான கலை என்பேன்.

நியூயார்க்கில் தெருவைத் தோண்டும் முன், அடியில் போவது எது என்று தரையில் வண்ணக்கோடு போடுகிறார்கள். மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், குடிநீருக்கு நீலம், தொலைத்தொடர்புக்கு ஆரஞ்சு. அந்த ஆரஞ்சுக் கோடுகளையும் மேன்ஹோல் மூடிகளையும் தெருத்தெருவாகப் பார்த்து வரைந்து, 2016-இல் ஒரு கையேடாகவே வெளியிட்டார் பரிங்டன். நடைபாதையில் போகிற எவர் கண்ணுக்கும் படுகிற விஷயங்கள்தான் அவை.

அந்த ஊரில் 1888 பனிப்புயலில் கம்பங்கள் சாய்ந்த பிறகு, கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகும் வேலை வேகம் பிடித்தது. கம்பிகளுக்காக அந்தக் காலத்தில் பதித்த குழாய்த்தடங்களில் இன்று இணையத்துக்கான ஃபைபர் (கண்ணாடி இழை) கேபிள் ஓடுகிறது. 60, ஹட்சன் தெருவில் வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிறுவனத்துக்காக எழுப்பிய கட்டடம், இன்று பல நிறுவனங்களின் இணையத் தடங்கள் சந்திக்கிற இடம். இது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். ஏற்கெனவே குழாய் இருக்கும் தெருவுக்குத்தான் புதுக் கேபிள் முதலில் வரும். குழாய் இல்லாத பேட்டைக்காரர்கள் காத்திருக்க வேண்டியதுதான். யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்பதை எப்போதோ தோண்டிய பள்ளம் தீர்மானிக்கிறது. அதைப் படமாகப் போட்டுக் காட்டாமல் எப்படிக் கேள்வி கேட்பது?

‘இப்படி வரைந்தால் விஷமிகளுக்கு வழிகாட்டியதாகாதா?’ என்றும் அந்த வாசகர் கேட்கிறார். என் அனுபவத்தில் அறுபட்ட கேபிள்களில் பெரும்பாலானவை தெரியாமல் வெட்டியவை. ஜேசிபி பட்டிருக்கும், இல்லையென்றால் குடிநீர் இணைப்புக்குப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். வரைபடம் ஆபீஸ் பீரோவில் இருக்கும். கடப்பாரை பிடிக்கிறவர் கைக்கு அது வந்ததே இல்லை. கடலுக்கடியிலும் கேபிளை அதிகம் அறுப்பது மீன்வலையும் நங்கூரமும்தான்.

தோண்டும் முன் தகவல் சொல்ல மத்திய அரசு 2023 மார்ச்சில் ஒரு செயலி கொண்டுவந்தது. நல்ல காரியம். அதோடு நின்றுவிடாமல், தோண்டப்போகும் இடத்தில் வண்ணக்கோடும், கேபிள் யாருடையது என்ற பெயரும் தரையிலேயே இருக்க மாநகராட்சி ஏற்பாடு செய்ய வேண்டும். அப்புறம், நம் ஓவியக் கல்லூரி மாணவர்கள் மதுரையில் ஒரே ஒரு தெருவையாவது இப்படி வரையலாம். கேபிள் போகும் தடத்தைக் காட்டத் தெருவோரம் நட்ட கற்களில் எது எந்தக் கேபிளுக்கு என்று கூடவே நடந்து காட்ட என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஜாயின்டர்கள் தயார்.

– ஓய்வுபெற்ற கேபிள் ஜாயின்டர், மதுரை