பொன்னுக்கு வீங்கி மூன்று தடவை வராது

சிங்கப்பூரின் அக்கம்பக்க மருந்தகங்களிலும் பலதுறை மருந்தகங்களிலும் பிள்ளைகளைப் பார்க்கும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் மகள் தொடக்கநிலை 2 படித்தபோது ஒரு காலையில் கன்னம் வீங்கி எழுந்தாள். பக்கத்து கிளினிக்கில் பொன்னுக்கு வீங்கி என்றார்கள். இரண்டு தடுப்பூசியும் போட்டாயிற்றே என்று கேட்டேன். சிலருக்கு அப்படியும் வரும் என்றார் டாக்டர், அது உண்மைதான். என் மாமியார் தன் இரண்டு பவுன் சங்கிலியைக் கழற்றிப் பேத்தி கழுத்தில் போட்டார். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது.

மறு வருடம் அடுத்த கன்னம். வேறு டாக்டர், அதே பதில், அதே எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழ். தொடக்கநிலை 5இல் இரண்டு பக்கமும் வீங்கியது. சங்கிலியைக் கழற்றப் போன மாமியார் கையை எடுத்துவிட்டார். "பொன்னுக்கு வீங்கி ஒருத்தருக்கு ஒரு தடவைதாம்மா வரும். இது வேற ஏதோ."

அவர் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். கிளினிக்கில் யாரும் எண்ணவில்லை.

அது ஷோக்ரன் நோய் என்று வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. 1933இல் ஹென்ரிக் ஷோக்ரன் என்ற சுவீடன் கண் மருத்துவர் விரிவாக எழுதிய நோய். உடலின் எதிர்ப்பு சக்தி தன் சொந்த எச்சில் சுரப்பியையும் கண்ணீர்ச் சுரப்பியையுமே தாக்குகிறது. பெரியவர்கள் வாயும் கண்ணும் வறண்டு போகிறது என்று வருவார்கள். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கன்ன வீக்கம்தான் முதலில் வரும். வறட்சி இருந்தாலும் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. என் மகள் இட்லியைக்கூட ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்துத்தான் விழுங்குவாள். பள்ளிப் பல் மருந்தகத்தில் போகும்போதெல்லாம் புதிதாக ஒரு சொத்தை. ஒழுங்காகப் பல் தேய்ப்பதில்லை என்று அவளைத் திட்டினேன். பாவம், எச்சில் ஊறாத வாய் அது.

பதினான்கு வயதில் இடப்பக்க வீக்கம் வடியவே இல்லை. வலியும் இல்லை. கொட்டைப்பாக்கு போலக் கெட்டியாக இருந்தது. பழைய வீக்கம்தானே என்று நான்கு மாதம் இருந்துவிட்டோம். திசுப் பரிசோதனையில் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் என்று வந்தது, அதில் மால்ட் என்ற வகை. சுரப்பிக்குள் வருடக்கணக்காகக் கூடி ஓயாமல் தூண்டப்படும் பி அணுக்கள் என்ற வெள்ளை அணுக்களில் ஒன்று கட்டுப்பாடு இழந்து பெருகத் தொடங்குவதால் வருவது. மெதுவாக வளரும், சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். ஷோக்ரன் உள்ள பெரியவர்களில் சுமார் 5 விழுக்காட்டினருக்கு லிம்ஃபோமா வருகிறது. பிள்ளைகளுக்கு மிக அரிது. அரிது என்ற சொல் அந்த அறையில் எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை.

முன்பே கண்டுபிடித்திருந்தால் புற்றுநோய் வந்திருக்காது என்று சொல்ல வரவில்லை. அது யாருக்கும் தெரியாது. ஆனால் நோயின் பெயர் தெரிந்திருந்தால் அந்தக் கட்டியை நான்கு மாதம் பார்த்துக்கொண்டு இருந்திருக்க மாட்டோம்.

திரும்பத் திரும்பக் கன்னம் வீங்கும் பிள்ளைகளில் பலருக்கு அது பருவ வயதோடு தானாக நின்றுவிடும் என்பதும் எனக்குத் தெரியும். எல்லாரையும் பயமுறுத்தச் சொல்லவில்லை. இரண்டாவது முறை வீங்கினால், ஷோக்ரன் நோயில் காணப்படும் எதிர்ப்பொருளைத் தேடும் ஆன்டி-ரோ ரத்தப் பரிசோதனையும் சுரப்பிக்கு ஒரு ஸ்கேனும் எழுதிக் கொடுங்கள். சாப்பிடும்போது எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள், பல் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். நோய் உறுதியான பிள்ளைக்கு வீக்கம் வடியாமல் நின்றாலோ, காலில் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் வந்தாலோ, ரத்தத்தில் சி4 என்ற எதிர்ப்பு சக்திப் புரதத்தின் அளவு குறைந்தாலோ அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், முன்பு எப்போதெல்லாம் வீங்கியது என்று தேதி கேளுங்கள். எந்த மருந்தகத்தில் பார்த்திருந்தாலும் சரி. நிபுணர்தான் அதை முதலில் கேட்டார். வீட்டுக்கு வந்து பிஸ்கட் டின்னைத் திறந்தேன். மூன்று எம்சியும் அதில்தான் இருந்தன.

இப்படிக்கு,
ஒரு தாய், ஈசூன்